காணொளி வழியே சீனம்: எந்தப் படியில் ஏறுவது?

குயிலாப்பாளையத்தில் மொழி கற்பது பற்றிப் பேச்செடுத்தால், "காதுல விழுந்துக்கிட்டே இருந்தா தானா வந்துடும்" என்பார்கள். ஊரே அதற்குச் சாட்சி. 1968 பிப்ரவரி 28 அன்று பக்கத்தில் ஆரோவில் தொடங்கியது. அன்றிலிருந்து பேக்கரியிலும் தையல் கூடத்திலும் விருந்தினர் இல்லத்திலும் வேலை பார்த்தவர்கள், எந்த வகுப்பிலும் சேராமலே ஆங்கிலத்தைப் பேச்சுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் வந்து நின்றால் விலை சொல்லவும் வழி சொல்லவும் அவர் மொழியிலேயே நாலு வார்த்தை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே சீனம் கற்க விரும்பும் இளைஞர், கைப்பேசியில் சீனக் காணொளிகளை ஓடவிட்டால் போதும் என்று நம்புவதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கை பாதி சரி. மீதிப் பாதியைக் கவனிக்காதவர் ஆறு மாதம் பார்த்துவிட்டு, "சீனம் நமக்கெல்லாம் வராதுங்க" என்று கைவிட்டுவிடுகிறார். அந்த மீதிப் பாதிதான் இந்த அத்தியாயம்.

சீனம் எதற்கு என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் இன்று தெளிவான பதில் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி வழியாகப் போனால் செய்யாறு. அங்கே சிப்காட் வளாகத்தில் தைவானின் ஃபெங் டே குழுமம் பல ஆண்டுகளாகக் காலணி ஆலை நடத்துகிறது. தெற்கே உளுந்தூர்ப்பேட்டை, 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணி ஆலை அமைக்க, தைவானின் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் 2023 ஏப்ரலில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலை என்பது அதில் சொல்லப்பட்ட கணக்கு. இத்தகைய ஆலைகளில் மேலிருந்து வரும் பேச்சு சீனத்தில் இருக்கும், வேலை செய்கிறவர் பேச்சு தமிழில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கக்கூடியவருக்கு மதிப்பு உண்டு. சீனம் தமிழர் நாக்குக்கு வராது என்பதும் பொய். மலேசியாவில் சீனப் பள்ளியில் படித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் மாண்டரினைத் தடையின்றிப் பேசுகிறார்கள். அவர்களுக்கு வாய்த்தது ஒரு நாளில் ஆறு மணி நேரமும் அந்த மொழி பேசும் மனிதர்கள். வானூர் வட்டத்து இளைஞருக்கு வாய்த்திருப்பது ஒரு கைப்பேசி. அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்போம்.

குயிலாப்பாளையத்துக்காரர் காதால் கற்றபோது உண்மையில் நடந்தது என்ன? கடைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் தன் ஊரில் பேசுகிற வேகத்தில் பேசவில்லை. பொருளைக் கையால் காட்டினார், ஒரே சொல்லை இரண்டு மூன்று தரம் சொன்னார். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்தே புரியவில்லை என்று தெரிந்துகொண்டு வாக்கியத்தைச் சுருக்கினார். அடுத்த மாதம் அதே ஆளிடம் இன்னும் கொஞ்சம் நீளமாகப் பேசினார். அதாவது, கேட்பவரின் நிலையை அறிந்து பேசுபவர் இறங்கி வந்தார். கேட்பவர் ஏற ஏற அவரும் ஏறினார். யாரும் பாடம் என்று பெயர் வைக்கவில்லையே தவிர, அங்கே ஒரு படிநிலை இருந்தது. காணொளி இறங்கி வராது. உங்கள் முகம் அதற்குத் தெரியாது. ஆகவே பேசுகிறவர் செய்துகொண்டிருந்த அந்த வேலையை, கற்கிறவர் தானே செய்தாக வேண்டும். தன் நிலைக்கேற்ற காணொளியைத் தேர்ந்தெடுப்பதுதான் அந்த வேலை. இந்த ஒன்றைச் சரியாகச் செய்தவருக்குக் காணொளி ஆசிரியர். செய்யாதவருக்கு அது வெறும் சத்தம்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா கூலும் அவரது குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீனர்கள் நேரில் உட்கார்ந்து 12 முறை கதை படித்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியத் தொடங்கின. அதே ஆட்கள், அதே கதைகள், அதே நேர அளவு, ஆனால் திரையில் மட்டும் பார்த்த இன்னொரு குழு எதுவும் கற்கவில்லை. காணொளியை நம்புகிறவர்களுக்கு இது பெரிய அடிதான். "அப்படியானால் இந்த அத்தியாயமே வீண்தானே?" என்று கேட்கலாம். வீணில்லை. ஒன்பது மாதக் குழந்தையால் காணொளியை நிறுத்த முடியாது, பின்னே ஓட்ட முடியாது, இது எனக்கு அதிகம் என்று ஒதுக்கிவிட்டு எளிதான ஒன்றைத் தேட முடியாது. வளர்ந்தவருக்கு இந்த மூன்றும் முடியும். ஆய்வு காட்டுவது திரையின் குறையை. அந்தக் குறையை ஈடுகட்டும் கருவி நம் கட்டைவிரலில் இருக்கிறது.

அந்தக் கருவியைப் பயன்படுத்தத் தேவையான காணொளிகள் இன்று இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. புரிகிற பேச்சைக் கேட்பதாலேயே மொழி வருகிறது, புரியாததால் வருவதில்லை என்று மொழியறிஞர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் வலியுறுத்தினார். அதே காலத்தில் பாங்காக்கில் மார்வின் பிரவுன் என்ற மொழியியலாளர் 1984இல் ஒரு தாய்லாந்து மொழி வகுப்பைத் தொடங்கினார். ஆசிரியர்கள் படம் வரைந்தும் நடித்துக் காட்டியும் தாய்லாந்து மொழியிலேயே பேசுவார்கள். மாணவர்கள் பல நூறு மணி நேரம் வாயைத் திறக்காமல் கேட்பார்கள். தாய்லாந்து மொழியும் சீனம் போலத் தொனி மொழி என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் 'டிரீமிங் ஸ்பானிஷ்' போன்ற தளங்கள் இந்த முறையைக் காணொளிக்குக் கொண்டுவந்து, தொடக்கநிலைக்கும் கீழே ஒன்று, தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்று பிரித்து வைத்தன. சீனத்துக்கும் அதே வழியில் 'லேசி சைனீஸ்', 'காம்ப்ரிஹென்சிபிள் சைனீஸ்' போன்ற அலைவரிசைகள் வந்துவிட்டன. யூடியூபில் பணம் கட்டாமலே பார்க்கலாம்.

அடிப்படிக் காணொளி எப்படி இருக்கும் என்பதை ஒரு மாதிரி வைத்துப் பார்ப்போம். (சீன ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதுவது நிழலைப் பிடிப்பது போலத்தான், காதால் சரிபார்த்துக்கொள்க.) மேசையில் பழங்கள். ஆசிரியை ஆப்பிளைத் தூக்கி "பிங்க்வோ" என்கிறார். மறுபடி தூக்கி, "ஷ் பிங்க்வோ". வாழைப்பழத்தை எடுத்து, "பிங்க்வோ மா?" என்று புருவத்தை உயர்த்துகிறார். தலையை ஆட்டி, "பூ ஷ் பிங்க்வோ, ஷ் ஷியாங்ஜியாவ்." இரண்டு நிமிடத்தில் 'ஷ்' முப்பது தடவை, 'பூ ஷ்' பத்துப் பன்னிரண்டு தடவை காதில் விழுந்துவிடும். ஆம், இல்லை என்ற வாக்கிய அமைப்பும், கடைசியில் 'மா' போட்டால் கேள்வியாகும் என்பதும் ஒரு விளக்கமும் இல்லாமல் பிடிபடும். இதில் நுட்பமான ஒன்றும் நடக்கிறது. தனியாகச் சொன்னால் 'பூ' விழும் தொனியில் இருக்கும். 'ஷ்' பின்னால் வந்தால் ஏறும் தொனிக்கு மாறிவிடும். பாடநூலில் இது ஒரு விதி, ஒரு விதிவிலக்கு, ஒரு பயிற்சி. காணொளியில் அது 'பூ ஷ்' என்ற ஒரே துண்டாக, சரியான தொனியோடு உள்ளே போய்விடுகிறது. பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். கல்லூரி முடித்தவர் ஆப்பிள், வாழைப்பழம் பார்ப்பதா என்று கூச்சப்படுகிறவர்கள்தான் நேரே திரைப்படத்துக்குத் தாவி விழுகிறார்கள்.

சரி, எந்தப் படி தன் படி என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டுப் புரிந்துகொள்ள, பேச்சில் சுமார் 95 சதவீதச் சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் அளவு. படித்துப் புரிந்துகொள்ள 98 என்பார்கள். 95 என்றால் இருபது சொல்லுக்கு ஒன்று தெரியாதது. மெதுவாகப் பேசும் தொடக்கக் காணொளியில் நிமிடத்துக்கு அறுபது எழுபது சொல் வரும் என்று வைத்தால், தெரியாத சொல் மூன்று அல்லது நான்கு. ஆகவே ஒரு நிமிடம் ஓடவிட்டு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் ஒரு படி கீழே இறங்குங்கள். முதல் சில வாரம் யாருக்கும் எந்தச் சொல்லும் தெரியாது. அப்போது சொற்களை எண்ணுவதில் பொருளில்லை. காட்சியைக் கொண்டு என்ன நடக்கிறது என்று புரிகிறதா என்பதையே அளவாகக் கொள்ளுங்கள். இதற்கு இன்னொரு சோதனை: காணொளியை நிறுத்திவிட்டு, இப்போது என்ன சொன்னார் என்பதைத் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் பார்த்தது படிப்பில் சேராது. தலைப்பில் போட்டிருக்கும் எச்.எஸ்.கே. எண்ணை மட்டும் நம்பவேண்டாம். சீன அரசின் அந்தத் தேர்வில் பழைய ஆறு நிலைக் கணக்குப்படி முதல் நிலைக்கு 150 சொல், இரண்டாவதற்கு 300, மூன்றாவதற்கு 600 என்று போய் ஆறாவதில் 5,000 ஆகும். 2021இல் வந்த ஒன்பது நிலைத் தரத்தில் முதல் நிலையே 500 சொல், மூன்றாவது 2,245. 'எச்.எஸ்.கே. 3' என்று போட்ட இரண்டு காணொளிகள் இரண்டு வேறு உலகமாக இருக்கலாம். விரல் கணக்கே மேல்.

இங்கே ஒரு மறுப்பு வரும். "பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்தே இந்தி பேசுகிறார்களே, அவர்கள் எந்தப் படியைப் பார்த்தார்கள்?" நியாயமான கேள்வி. இந்தியில் மொழிமாற்றம் செய்யப்பட்ட 'டோரேமான்' பார்த்துப் பிள்ளைகள் இந்தி பேசத் தொடங்கிவிட்டார்கள் என்ற கவலையில், வங்கதேச அரசு 2013இல் அந்த ஒளிபரப்பையே நிறுத்தியது. ஆனால் வங்காளமும் இந்தியும் உடன்பிறப்பு மொழிகள். சொல்லுக்குச் சொல் ஒப்புமை கிடைக்கும். அந்தப் பிள்ளைக்குக் கார்ட்டூன் தொடக்கத்திலேயே பாதி புரிந்த நிலையில் இருந்தது. தமிழுக்கும் சீனத்துக்கும் அப்படி உறவு கிடையாது. நம்முடைய நிலைக்குச் சரியான உவமானம் கொரியத் தொடர்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ இளம்பெண்கள் வருடக்கணக்காக அவற்றைப் பார்க்கிறார்கள். அழைக்கும் சொல், வணக்கம், நன்றி, திட்டு ஆகியவற்றைத் தாண்டி எத்தனை பேருக்குக் கொரிய மொழி வந்தது? காரணம் கீழே ஓடும் ஆங்கில வரி. திரையில் எழுத்து ஓடினால், கேட்கும் மொழி தெரிந்தவருடைய கண்கூடத் தானாக அங்கே போய்விடும் என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வுகள் முன்பே காட்டியிருக்கின்றன. மொழி தெரியாதவர் கதி சொல்ல வேண்டியதில்லை. அவர் கொரியத் தொடர் பார்க்கவில்லை. படங்களோடு ஆங்கிலம் படித்தார். ஆகவே சீனக் காணொளியில் ஆங்கில வரி ஓடினால் அதை அணைத்துவிடுங்கள், அணைக்க முடியாவிட்டால் திரையின் அடிப்பகுதியைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். சீனத் தொடர்களில் பெரும்பாலும் சீன எழுத்திலேயே வரி ஓடும். எழுத்துத் தெரியாத வரை அதனால் கெடுதல் இல்லை.

சீனத்தில் 'பெப்பா பிக்' கார்ட்டூன் பார்க்கச் சொல்லும் அறிவுரையும் இதே வகைதான். குழந்தைகளுக்கானது என்பதால் அது எளிது என்று நினைக்கிறோம். அது ஏற்கெனவே சீனம் பேசும் குழந்தைக்கானது. சேற்றுக் குட்டை, டைனோசர், மழைக்காலணி என்று போகும் அதன் சொற்கள் தொடக்கநிலைக்காரருக்கு உதவாதவை. பேச்சு வேகமும் இயல்பான வேகம். இயல்பான சீனப் பேச்சில் நொடிக்கு ஐந்து அசைக்கு மேல் ஓடும். வேகத்தை முக்கால் ஆக்கிக் கேட்கலாமே என்றால், ஒலி மெதுவாகுமே தவிர சொல் எளிதாகாது. பெப்பாவை ஆயிரம் சொல் சேர்ந்த பிறகு பாருங்கள், அப்போது சிரிப்பும் வரும்.

தமிழ்க் காதுக்கென்று தனியான சங்கதிகள் சில உண்டு. பெரும்பாலான வழிகாட்டிகள் ஆங்கிலேயரை மனதில் வைத்து எழுதப்பட்டதால் இவற்றைச் சொல்வதில்லை. முதலில் நமக்குச் சாதகமானது. ரோமன் எழுத்தில் சீனத்தின் 'b' என்று எழுதப்படும் ஒலி ஆங்கில 'b' அன்று. பல், பால் என்னும்போது நாம் சொல்லும் ப-தான் கிட்டத்தட்ட அது. ஆங்கிலேயர் பாடுபட்டுக் கற்பது நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. நாக்கை மடக்கும் ஒலிகளும் அப்படியே. ழகரம் ஒழுங்காக வருகிறவருக்குச் சீனத்தின் 'ர' அயலாக இருக்காது. பாதகமானது: அதே ப-வை மூச்சுக்காற்றோடு தள்ளினால் சீனத்தில் அது வேறு எழுத்து, வேறு பொருள். தமிழில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் காது அதை வடிகட்டிவிடும். உதட்டுக்கு முன் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, அசைகிறதா என்று பார்த்துப் பழகுவது நல்லது. எல்லாவற்றையும்விடப் பெரியது தொனி. 'மாய்' என்பதைத் தாழ்ந்த தொனியில் சொன்னால் வாங்குவது, சரேலென்று விழும் தொனியில் சொன்னால் விற்பது. 'தாங்' என்பதை மூச்சுக்காற்றோடு ஒரே உயரத்தில் இழுத்தால் ரசம் மாதிரியான சூப், ஏறும் தொனியில் சொன்னால் சர்க்கரை. கொள்முதல் பிரிவில் வேலைக்குப் போகிறவர் 'மாய்' இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

தொனியைக் கேட்டே கற்க முடியுமா? யுவே வாங்கும் சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களுக்கு இரண்டு வாரம் பல குரல்களில் தொனிகளைக் கேட்கவைத்துப் பயிற்சி தந்தார்கள். சரியாக அடையாளம் காண்பது 21 சதவீதம் கூடியது. ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்தது. 2003இல் அதே குழு காட்டியது இன்னும் சுவையானது: பேசும் பயிற்சி எதுவும் தராமலே, அந்த மாணவர்கள் தொனிகளை உச்சரிப்பதும் மேம்பட்டிருந்தது. காது முந்திப் போனால் நாக்கு பின்னால் வரும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். ஆனால் இதில் இரண்டு நிபந்தனை அடங்கியிருப்பதைப் பார்க்க வேண்டும். ஒன்று, பல குரல்கள். பிடித்த ஒரே ஆசிரியையை மட்டும் பார்த்தால் அவர் தொனி மட்டுமே புரியும். இரண்டு, ஒவ்வொரு முறையும் சரியா தவறா என்று உடனே சொல்லப்பட்டது. காணொளி அதைச் சொல்லாது. நீங்களே செய்துகொள்ளலாம்: ஒரு சொல் வந்ததும் நிறுத்தி, அது எந்தத் தொனி என்று தாளில் குறியுங்கள், பிறகு விளக்கக் குறிப்பிலோ அகராதியிலோ ஒப்பிடுங்கள். நாளுக்குப் பத்துச் சொல் போதும். சலிப்பான வேலைதான்; தவிர்க்க வழியில்லை.

கேட்பது மட்டுமே போதும் என்று கிராஷன் பக்கம் நிற்பவர்கள் சொல்வார்கள். இதை ஏற்க முடியவில்லை. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளைப் பிரெஞ்சிலேயே பாடம் நடக்கும் பள்ளிகளில் சேர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு கேட்ட அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு இணையாகப் புரிந்துகொண்டார்கள், ஆனால் பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் தங்கிவிட்டன என்று ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985இல் காட்டினார். புரிந்துகொள்ள, வாக்கியத்தின் முக்கியச் சொற்களைப் பிடித்தாலே போதும். பேச, எல்லாவற்றையும் நாமே அடுக்க வேண்டும். குயிலாப்பாளையத்து ஆட்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை, ஏனெனில் அவர்கள் கேட்ட அன்றே பேச வேண்டியிருந்தது. சம்பளம் அதில் இருந்தது. ஆகவே இரண்டாம் படி முடியும்போது பேச ஓர் ஆள் தேவை. சீனர்கள் புழங்கும் வீசாட் 2020 ஜூனில் தடைசெய்யப்பட்ட 59 செயலிகளில் ஒன்று என்பதால் அந்த வழி நமக்கு அடைபட்டிருக்கிறது. ஆனால் இணையத்தில் மணிக்கணக்குக்குப் பேசிப் பழக்கும் ஆசிரியர்கள் கிடைக்கிறார்கள். வாரம் ஒரு மணி போதும். எழுத்து வேறு படிப்பு. உபநிடதங்களையும் அரவிந்தரையும் சீனத்தில் பெயர்த்த சூ ஃபான்செங் என்ற அறிஞர் 1951 முதல் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் புதுச்சேரி ஆசிரமத்தில் வாழ்ந்தார். அவருடைய மாதிரிப் புலமை நூல்களோடு உட்கார்ந்து வருவது, காணொளி அதைத் தராது. தரும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

நேரக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுகிறவர் சீனத்தில் தொழில்முறைத் தேர்ச்சி பெற 2,200 வகுப்பு மணி என்று கணக்கு வைத்திருக்கிறது. நாளுக்கு அரைமணி என்றால் பன்னிரண்டு ஆண்டு. பயந்துவிட வேண்டாம், அது தூதரக அதிகாரிக்கான அளவு. தையல் வரிசை மேற்பார்வைக்கும் சரக்குக் கணக்குக்கும் அதில் சிறு பங்கு போதும். ஆனால் மூன்று மாதத்தில் சீனம் என்கிற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

கடைசியாக, எந்தச் சீனம் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். செய்யாற்றையோ உளுந்தூர்ப்பேட்டையையோ மனதில் வைத்திருப்பவர் தைவான் குரலைத் தேடுவதே முறை. அங்கே நாக்கை மடக்கும் ஒலிகள் பல வாயில் தட்டையாகிவிடும், பெய்ஜிங் பேச்சில் சொல்லின் கடையில் ஒட்டும் 'அர்' ஓசை அநேகமாக இராது, எழுத்தும் பழைய முழு வடிவம், தேர்வும் எச்.எஸ்.கே. அன்று, டி.ஓ.சி.எஃப்.எல். பெருநிலச் சீன நிறுவனத்தையோ சுற்றுலாவையோ எண்ணுகிறவர் பெய்ஜிங் குரலில் தொடங்கட்டும். இரண்டும் ஒரே மொழிதான். இரண்டாம் ஆண்டில் மற்றதும் காதுக்குப் பிடிபட்டுவிடும். தொடக்கத்தில் மட்டும் கலக்காதீர்கள். முதல் மூன்று மாதம் எந்தக் கட்டண வகுப்பிலும் சேரவேண்டாம், செயலிக்கும் பணம் கட்டவேண்டாம். அந்தக் காசை எடுத்து வையுங்கள்; நான்காவது மாதம் பேச ஆள் தேடும்போது அது தேவைப்படும்.